வட்டக்களரி ஓர் ஆய்வுகூடம்

பிள்ளைகளே, ஓர் ஓவியர் படம் வரைவதற்கென்று தனியாக ஓர் அறை கட்டப்போகிறார். சன்னலை எந்தப் பக்கம் வைப்பது? "காத்து வாற பக்கம்" என்று பெரியகல்லாற்றுப் பிள்ளைகள் உடனே சொல்வீர்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் ஒடுங்கிய நிலம். எந்தச் சன்னலைத் திறந்தாலும் காற்றுக்குக் குறைவில்லாத ஊர் உங்களுடையது. ஆனால் ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக வேறொரு பதில் வைத்திருந்தார்கள். சன்னல் வடக்கே இருக்க வேண்டும், அதுவும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

காரணம் சூரியன். ஐரோப்பா பூமத்திய கோட்டுக்கு வெகு வடக்கே இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கமாகவே நிற்கும். வடக்குச் சன்னலால் நேர் வெயில் வராது. வானத்தில் சிதறிய மென்மையான ஒளி மட்டும் வரும். அந்த ஒளி மெதுவாகத்தான் மாறும். முன்னால் ஒருவரை இருத்தி அவர் முகத்தை வரையும்போது மூக்கின் நிழல் காலையில் ஒரு பக்கமும் மத்தியானம் இன்னொரு பக்கமும் ஓடினால் ஓவியர் என்ன செய்வார்? வடக்கு ஒளியில் நிழல் அடங்கி நிற்கும். பல மணி நேரம் நிம்மதியாக வரையலாம்.

இனி அதே அறையை அப்படியே தூக்கி வந்து பெரியகல்லாற்றில் வையுங்கள். நமது ஊர் பூமத்திய கோட்டிலிருந்து ஏறத்தாழ ஏழரைப் பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் மாதம் இரண்டாம் வாரத்தை ஒட்டி நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகிறது. அதன்பின் செப்டம்பர் தொடக்கம் வரை, நண்பகலில் அது நமக்கு வடக்குப் பக்கத்தில் நிற்கும். அந்த மாதங்களில் வெயில் விழுவது வடக்குச் சன்னல் பக்கம்தான்! நம்பாவிட்டால் வளவில் ஒரு தடியை நேராக நட்டுப் பாருங்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் தடியின் நிழல் அதன் காலடியில் சுருங்கிவிடும். ஜூன் மாதத்தில் அதே நேரம் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் வடக்கே விழும்.

ஆக, கலை பயிலும் இடத்தை எவரும் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிட முடியாது. ஒளி எங்கிருந்து வருகிறது, ஒலி எங்கே போகிறது, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கலையையே வடிவமைக்கின்றன. மட்டக்களப்பில் இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. சுவரோ சன்னலோ இல்லாத ஒரு கலைக்கூடம் அது. கூத்துக் களரியைச் சொல்கிறேன்.

வாவிக்குக் கிழக்கே உள்ள ஊர்களை எழுவான்கரை என்றும் மேற்கே உள்ளவற்றைப் படுவான்கரை என்றும் நாம் சொல்கிறோம். பெரியகல்லாறு எழுவான்கரை. படுவான்கரைக் கிராமங்களில் இன்றும் கூத்து ஆடப்படுகிறது. மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. பாரதக் கதையும் இராமாயணக் கதையும் பெரும்பாலும் வடமோடியில் வரும். கற்பனைக் கதைகளும் காதல் கதைகளும் தென்மோடியில் அதிகம். பழக்குகிறவர் அண்ணாவியார். விடிய விடிய ஆடுவார்கள். ஆடுகிறவர்கள் பகலில் வயலுக்கும் தோணிக்கும் போகிறவர்கள்தான். இந்த மனிதர்கள் எந்தப் பாடசாலையும் இல்லாமல் இவ்வளவு பாட்டையும் ஆட்டத்தையும் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்? எனக்கு இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. அதற்கு முன் களரியைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம்.

களரி வட்டமாக இருக்கும். மண்ணைச் சற்றே உயர்த்தி, சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டியிருப்பார்கள். சனம் நாலா பக்கமும் இருந்து பார்க்கும். அண்ணாவியாரும் மத்தளகாரரும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்பார்கள். அவர்களைச் சுற்றிக் கூத்தர்கள் ஆடுவார்கள்.

வட்டம் எதற்கு? கணக்குப் போடுவோம், கொப்பியை எடுங்கள். கூத்துப் பார்க்க 300 பேர் வந்திருக்கிறார்கள், ஒருவர் நிலத்தில் இருக்க அரைச் சதுர மீற்றர் வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம். மொத்தம் 150 சதுர மீற்றர். களரியின் ஆரை 3 மீற்றர் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மீற்றர். இரண்டையும் கூட்டினால் 178. இந்தப் பரப்புள்ள வட்டத்தின் ஆரை ஏறத்தாழ ஏழரை மீற்றர். அதாவது கடைசி வரிசையில் இருக்கிற ஆச்சிகூடக் களரியின் நடுவிலிருந்து ஏழரை மீற்றருக்குள்தான் இருக்கிறார். இதே 300 பேரையும் இன்றைய மண்டபம் போல ஒரு பக்கத்தில் மட்டும், கால் வட்ட விசிறியாக இருத்தினால் கடைசி வரிசை 14 மீற்றருக்கு அப்பால் போய்விடும்.

திறந்த வெளியில் ஒலி எல்லாத் திசையிலும் பரவும்போது தூரம் இரு மடங்கானால் அதன் செறிவு கால் பங்காகிவிடும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. நம் கணக்கில் 14 மீற்றரில் இருக்கிறவருக்குக் கிடைக்கும் ஒலி, ஏழரை மீற்றரில் இருக்கிறவருக்குக் கிடைப்பதில் மூன்றரையில் ஒரு பங்குதான். நம் காது இதை மூன்றரை மடங்கு வித்தியாசமாக உணராது, அது வேறு கதை. ஆனால் காற்று வீசும் இரவில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், பாட்டின் சொல் விளங்குமா விளங்காதா என்பதை அந்த வித்தியாசம் தீர்மானித்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதக் குரல் முன்னால் போவது போலப் பின்னால் போகாது. கூத்தர் வடக்கே பார்த்துப் பாடினால் தெற்கே இருப்பவருக்குச் சொல் மங்கும். கூத்தின் அமைப்பிலேயே இதற்கு மருந்து இருக்கிறது. கூத்தர் ஒரே இடத்தில் நிற்பதில்லை, களரியைச் சுற்றி நாலு பக்கமும் ஆடிப் பாடுகிறார். அவர் பாடிய வரியை நடுவில் நிற்கும் பிற்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். முதல் தடவை தவறவிட்டவருக்கு இரண்டாம் தடவை காதில் விழும். பிற்பாட்டு வைத்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். கூத்தருக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும், பாட்டுக்கும் ஒரு கனம் வரும். ஆனாலும் ஒலியியல் படித்த ஒருவர் இந்தச் சிக்கலுக்கு வழி தேடியிருந்தாலும் இதைவிட எளிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

மத்தளம் நடுவில் இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். 3 மீற்றர் தள்ளி ஆடுகிறவருக்கு மத்தள அடி போய்ச் சேர ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. மத்தளகாரரைக் கொண்டுபோய் 30 மீற்றருக்கு அப்பால் நிறுத்தினால் 0.09 செக்கன் பிந்தும். செக்கனுக்கு நான்கு அடி விழும் விரைவான தாளத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே கால் செக்கன்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலடி பிந்திவிட்டால் ஆட்டம் குலைந்துவிடும். நடுவில் மத்தளம் இருந்தால் வட்டத்தின் எந்த மூலையில் ஆடினாலும் தூரம் ஒன்றுதான். எல்லாக் கால்களும் ஒரே அடியை ஒரே நேரத்தில் கேட்கின்றன.

இப்போது அந்த மத்தளத்துக்குக் கிட்டப் போவோம். பொழுது பட்டதும் வாவிப் பக்கமிருந்து ஈரக்காற்று வரத் தொடங்கும். மத்தளகாரர் தோலில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். பகலில் கணீரென்று கேட்டது இப்போது தொய்ந்து கேட்கும். "மனே, தோல் குளிர்ந்து போச்சு, உந்த நெருப்பைக் கொஞ்சம் கிண்டு" என்பார் பக்கத்தில் நிற்கிற பையனிடம். மத்தளத்தை நெருப்புக்குக் கிட்டே, கருகாத தூரத்தில், திருப்பித் திருப்பிக் காட்டுவார். பிறகு தட்டிப் பார்ப்பார். சுருதி ஏறியிருக்கும்.

தோலுக்குள் என்ன நடந்தது? மிருகத்தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நார்களால் ஆனது. அந்த நார்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால் தோல் நெகிழும், இழுவை குறையும். சூடு பட்டு ஈரம் போனால் தோல் இறுகும், இழுவை கூடும். இழுவை கூடினால் தோல் விரைவாக அதிரும், அதாவது மீடிறன் உயரும். ஆனால் சுருதியை ஏற்றுவது அவ்வளவு சுலபமில்லை. மீடிறன் இரண்டு மடங்காக வேண்டுமானால் இழுவை நான்கு மடங்காக வேண்டும். அதனால்தான் வாரைப் பிடித்து இழுத்து மத்தளம் கட்டுகிறவருக்கு அத்தனை பலம் தேவைப்படுகிறது. நெருப்பு எவ்வளவு கிட்ட, எவ்வளவு நேரம் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நெருப்புக் கிண்டுகிற அந்தப் பையன் பார்த்துப் பார்த்துத்தான் அதைப் படிக்கிறான்.

மத்தளத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மிருதங்கத்தைப் பற்றி இங்கே ஒரு பெரிய விஞ்ஞானியின் கதையைச் சொல்ல வேண்டும். சாதாரணமான ஒரு வட்டத் தோலைத் தட்டினால் அது பல மீடிறன்களில் ஒரே நேரத்தில் அதிரும். மிகத் தாழ்ந்ததை 1 என்று வைத்தால் மற்றவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால்தான் பல தோற்கருவிகள் "டொம்" என்று ஓசை எழுப்புமே தவிர ஒரு சுரத்தைச் சொல்லமாட்டா. வீணைத் தந்தியிலோ மீடிறன்கள் 1, 2, 3, 4 என்று முழு எண்களாக வரும். காதுக்கு அது ஒரே இனிய சுரமாகக் கேட்கும். மிருதங்கத்தின் வலப்பக்கத்தைத் தட்டினாலும் தந்தியைப் போலச் சுரம் கேட்கிறதே, எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சி. வி. இராமன். 1920 இல் அவரும் அவருடைய சகாவும் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒளிச் சிதறலுக்காக 1930 இல் நோபல் பரிசு பெற்ற பிறகும் இராமன் மிருதங்கத்தை மறக்கவில்லை. 1934 இல் இன்னும் விரிவாக எழுதினார். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, தோல் அதிரும்போது மணல் எந்தக் கோடுகளில் போய்ச் சேர்கிறது என்று பார்த்தார். அதிராத இடங்களில்தான் மணல் தங்கும். விடை தோலின் நடுவில் இருந்தது. அங்கே வட்டமாகக் கறுப்பாக ஒன்று அப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். வாசிப்பவர்கள் அதைச் சோறு என்பார்கள். இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடித்து, வேகவைத்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய படையாகப் பூசித் தேய்த்து, திரும்பப் பூசித் தேய்த்து உண்டாக்குவது அது. நடுவில் அந்தப் பாரம் ஏறியதும் தோலின் ஒழுங்கற்ற மீடிறன்கள் இடம்மாறி 1, 2, 3, 4, 5 என்று வரிசைக்கு வந்துவிடுகின்றன என்று இராமன் காட்டினார். பெயர் தெரியாத வாத்தியம் செய்வோர் பல தலைமுறைகளாகப் பூசியும் தட்டியும் காதால் கேட்டும் கண்டுபிடித்ததை அவர் மணலாலும் கணக்காலும் விளக்கினார். யார் பெரியவர் என்று என்னிடம் கேட்டால், முதலில் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் நான் முதல் வணக்கம் வைப்பேன்.

நம் பக்கத்திலும் இப்படி இசையையும் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் பார்த்த ஒருவர் இருந்தார். கல்முனையைத் தாண்டிக் காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவர் தமிழ்ப் பேராசிரியர் என்றுதான் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழ்களின் நரம்புகள் எந்தச் சுரங்களில் இசைத்திருக்கும் என்பதைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து யாழ் நூல் எழுதினார். 1947 இல் அது வெளியானது. அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார்.

நீங்களும் ஒரு பரிசோதனை செய்யலாம். வெறுமையான பால்மாப் பேணி ஒன்றை எடுங்கள். விளிம்பு கையை வெட்டும், பெரியவர்களைக் கொண்டு மழுக்கிக்கொள்ளுங்கள். பலூன் ஒன்றை வெட்டிப் பேணியின் வாயில் இழுத்துக் கட்டுங்கள். விரலால் தட்டிக் கேளுங்கள். இன்னும் இறுக்கிக் கட்டித் தட்டுங்கள், சுருதி ஏறும். இனிச் சுண்டைக்காய் அளவு கோதுமை மாவைப் பிசைந்து பலூனின் நடுவில் ஒட்டித் தட்டுங்கள், சுருதி இறங்கும். மாவை எடுத்துவிட்டு, கடற்கரையிலிருந்து கொண்டுவந்த காய்ந்த நுண்மணலைக் கொஞ்சமாகத் தூவுங்கள். வாயைக் கிட்டே வைத்து "ஊ" என்று பலமாக, சுருதியைக் கூட்டியும் குறைத்தும் ஒலியெழுப்புங்கள். ஏதோ ஒரு சுருதியில் மணல் துள்ளத் தொடங்கும். அந்தச் சுருதிதான் உங்கள் பலூன் தோலின் சொந்த மீடிறன்களில் ஒன்று.

உடுப்பிலும் பௌதிகம் இருக்கிறது. வடமோடி அரசன் உடுத்துவது கரப்புடுப்பு. பிரம்பை வளையமாக்கிக் கட்டிய சட்டகத்தின்மேல் துணி போர்த்தியது. இடுப்பிலிருந்து கீழே அகன்று, வாவியில் மீன் பிடிக்கிற கரப்பின் வடிவில் நிற்கும். தோளிலும் தலையிலும் மரத்தால் செய்த அணிகள். அவற்றில் பதித்த கண்ணாடித் துண்டுகள் பந்தத்தின் வெளிச்சத்தை வெட்டி வெட்டி எறியும். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கோணத்தில் இருப்பதால், கூத்தர் சுழலும்போது வட்டத்தில் எங்கே இருந்து பார்க்கிறவர் கண்ணிலும் ஏதோ ஒரு துண்டின் ஒளி ஒரு கணம் படும்.

இந்த உடுப்போடு சுழல்வது இலேசான காரியமில்லை. சுழலும் பொருளைத் தொடங்கிவைப்பதும் நிறுத்துவதும் எவ்வளவு கடினம் என்பது அதன் திணிவில் மட்டும் தங்கியில்லை. அந்தத் திணிவு அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் கடினம் நான்கு மடங்காகும். கரப்புடுப்பின் விளிம்பு உடலின் அச்சிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. ஆகவே வடமோடி அரசன் ஒரு முறை சுழலத் தொடங்கினால் தாளம் முடியும் இடத்தில் சட்டென்று நிற்பதற்கு அவர் முன்கூட்டியே கால் ஊன்றித் தயாராக வேண்டும். தென்மோடி உடுப்பு பாரம் குறைந்தது. அதற்கேற்ப ஆட்டமும் நுட்பமாக, சின்னச் சின்ன அடிகளாக இருக்கும். உடுப்பின் பாரம் ஆட்டத்தின் நடையை எப்படித் தீர்மானிக்கிறது பாருங்கள்.

சரி, அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம். எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்?

கூத்துப் பழகுவது என்று ஊர் தீர்மானித்ததும், யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பார்ப்பார்கள். குரல், உயரம், உடல்வாகு எல்லாம் அண்ணாவியார் கண்ணில் படும். பிறகு நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட வேண்டிய பகுதி கையில் கிடைக்கும். அதன்பின் மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். முதலில் தாளக்கட்டு. அண்ணாவியார் வாயால் சொல்வார், மத்தளத்தில் வாசிப்பார், கூத்தர் காலால் போடுவார். ஓரளவு கால் பிடிபட்டதும் சதங்கை கட்டுவார்கள். அதன்பின் கிழமைக்கூத்து. கிழமைக்கு ஒரு முறை எல்லோரும் கூடி ஆடிப் பார்ப்பது. பிறகு அடுக்குப் பார்த்தல், அதாவது தொடக்கம் முதல் முடிவு வரை ஒழுங்காக ஓட்டிப் பார்ப்பது. கடைசியில் அரங்கேற்றம்.

சதங்கை ஏன் பிந்தி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். சதங்கை அலங்காரம் மட்டுமல்ல. கால் தாளத்துக்கு முன்போ பின்போ விழுந்தால் அதை ஊருக்கே சொல்லிக் கொடுத்துவிடும். தொடக்கத்தில் அது இருந்தால் பழகுகிறவர் வெட்கத்திலேயே சோர்ந்துபோவார். கால் ஓரளவு சரியான பிறகு கட்டினால், தன் பிழையைத் தன் காதாலேயே கேட்டு அந்தக் கணமே திருத்திக்கொள்வார். செய்தது சரியா பிழையா என்ற செய்தி எவ்வளவு விரைவாக நமக்குத் திரும்பி வருகிறதோ அவ்வளவு விரைவாக நாம் கற்கிறோம். அண்ணாவியாரின் கண் ஒன்றுதான், கூத்தர்களோ பலர். சதங்கை ஒவ்வொரு காலுக்கும் ஓர் ஆசிரியரை வைத்துவிடுகிறது.

கிழமைக்கூத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 1885 இல் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் அறிஞர் ஞாபகத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருள் இல்லாத அசைகளை வரிசையாக எழுதி, தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்தார். ஒரே இருப்பில் பல தடவை படிப்பதைவிட, இடைவெளி விட்டு, நாட்களுக்குப் பரப்பிப் படித்தால் குறைந்த முயற்சியில் கூடுதலாக நிற்கிறது என்று கண்டார். அவருக்குப் பின் வந்த எத்தனையோ ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. தா, தெய், தக, திமி என்று வரும் தாளக்கட்டுச் சொற்களுக்கும் அகராதியில் பொருள் கிடையாது. ஆனால் எபிங்ஹவுஸின் அசைகளுக்கு இல்லாத ஒன்று இவற்றுக்கு உண்டு. தாளம். தாளம் இருந்தால் மூளை அசைகளைத் தனித்தனியாகச் சுமக்காமல் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இரவில் பழகிவிட்டு நேரே போய்ப் படுப்பதும் நல்லதுதான். பகலில் அல்லது இரவில் பழகிய அசைவுகளை மூளை நித்திரையின்போது உறுதிப்படுத்திக்கொள்கிறது. உடலின் சமநிலையையும் அசைவுகளின் ஒழுங்கையும் கவனிக்கும் மூளி என்ற பகுதிக்கு அசைவுகளைப் பழகுவதில் பெரிய பங்கு உண்டு. பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடிய விழித்திருந்து படிக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

இவ்வளவும் களரிக்குள் நிற்பவர்களின் படிப்பு. களரிக்கு வெளியே இன்னொரு வகுப்பு நடக்கும். ஒவ்வொரு இரவும் சுற்றிவர இருந்து பார்க்கிற சின்னப் பிள்ளைகள். அவர்களுக்குச் சட்டம் கொடுத்தவர் யாருமில்லை. ஆனால் கூத்தருக்குத் தன் பகுதிதான் பாடம், பார்க்கிற பிள்ளைக்கோ அரசன் பாட்டும் மந்திரி பாட்டும் கட்டியகாரன் பாட்டும் எல்லாம் பாடம். கலைக்கூடம் என்பதன் உண்மையான பலம் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். முடிந்த படத்தைக் கண்காட்சியில் பார்க்கிற பிள்ளைக்கு அது எப்படி வந்தது என்று தெரியாது. பிழைவிட்டு, ஏச்சு வாங்கி, திரும்ப ஆடி, சரியாக வருகிற வரை பக்கத்தில் இருந்து பார்க்கிற பிள்ளைக்குத் தெரியும்.

இடம் மாறினால் கலையும் மாறும் என்று தொடக்கத்தில் சொன்னேன். அது 1960களில் நம் கூத்துக்கே நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைச் சேர்த்து, விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மண்டப மேடைக்குக் கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன்னால், 1956 இல், அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகமான மனமேயைப் படைத்துப் பெரும் வரவேற்புப் பெற்றிருந்தார். வித்தியானந்தன் தயாரித்த இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. பின்னாளில் பேராசிரியராகிக் கூத்தைப் பற்றிப் பெரிய ஆய்வு நூலும் எழுதினார்.

மேடையில் சனம் ஒரு பக்கம்தான் இருக்கும். நாலு பக்கமும் சுற்றி ஆடிய ஆட்டத்தை ஒரு பக்கம் பார்த்து ஆட வேண்டும். நடுவில் நின்ற மத்தளம் ஓரத்துக்குப் போக வேண்டும். முதுகு காட்டுவது என்ற பேச்சே களரியில் இல்லை. மேடையில் அது பெரிய பிரச்சினை. மின்விளக்கும் ஒலிவாங்கியும் வந்தன. புதிய ஊர்களுக்கும் புதிய சனங்களுக்கும் கூத்துப் போய்ச் சேர்ந்தது, அது பெரிய நன்மை. களரியில் மட்டுமே நிற்கக்கூடிய சில ஆட்டக் கோலங்கள் பின்தள்ளப்பட்டன, அது இழப்பு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகருக்குக் கிட்ட உள்ள சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர் மக்களும் சேர்ந்து, களரியை விட்டு வெளியே போகாமல், ஊரோடு இருந்தே கூத்தை மீளுருவாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். முன்பு ஆண்களே பெண் பாத்திரங்களையும் ஆடிய கூத்தில் பெண்களும் பிள்ளைகளும் இடம்பெறத் தொடங்கியதற்கு இத்தகைய முயற்சிகள் வழி திறந்தன. இன்று கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை எல்லாம் அங்கே பட்டப்படிப்பாகக் கற்கலாம். உங்களில் யாரேனும் ஒரு நாள் அங்கே போகக்கூடும்.

அதுவரைக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சொந்தக்காரர் யாராவது கூத்துப் பழகும் ஊரில் இருந்தால், விடுமுறையில் ஓர் இரவு அங்கே கூட்டிப் போகச் சொல்லுங்கள். அரங்கேற்றத்துக்குப் போவது நல்லது. பழக்கத்துக்குப் போவது அதைவிட நல்லது. களரியின் ஆரையைக் காலடியால் அளந்து பாருங்கள். ஒரே பாட்டை முன்னால் நின்றும் பின்னால் நின்றும் கேட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மத்தளம் காய்ச்சும்போது அனுமதி கேட்டுப் பக்கத்தில் இருங்கள். வீட்டில் அப்பப்பாவோ அம்மப்பாவோ இளமையில் கூத்தாடியவராக இருந்தால் என்ன பாத்திரம், எந்த ஊர், யார் அண்ணாவியார் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். தாளக்கட்டு ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் கைபேசியில் பதிவு செய்துவிடுங்கள். பல தாளக்கட்டுகள் இன்னும் எழுத்தில் ஏறவில்லை. அவரவர் நினைவில்தான் இருக்கின்றன.